மாரென் விட்டுவைத்த இடம்

போன கோடையில் நான் ஓய்வு பெற்றேன். அடுத்த மாதமே ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் மகளின் சிநேகிதி ஒருத்தி தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவளுடைய மாமனார் காலமாகி நான்கு வருடமாகிறது. திரையில் அவர் தலையைத் திருப்பினார், சிரித்தார், கையசைத்தார். பழைய அடையாள அட்டைப் படம் ஒன்றைக் கொடுத்தால் போதுமாம், மிச்சத்தை ஒரு செயலியே செய்துவிடுமாம். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர், "ஐயோ, அப்பிடியே இருக்கிறார்" என்றார்கள். மறுபாதி, "உதை நிப்பாட்டு பிள்ளை, பேய் மாதிரிக் கிடக்கு" என்றார்கள். மாமியார், "உயிரோட இருக்கேக்க மனுசன் ஒருநாளும் உப்பிடிக் கையாட்டினதில்லை" என்று சொல்லிவிட்டுக் கேக் வெட்டப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை என்னை விடவில்லை. "அன்ரி, நீங்கள் பேய்ப்படங்களோட வேலை செய்தனீங்கள்தானே. இது சரியோ பிழையோ?"

"அது ஒரு வரியில சொல்லுற கதையில்லை, பிள்ளை" என்றேன். வீட்டுக்கு வந்து என் கணவர் சிவத்திடம் சொன்னேன். "எல்லாத்தையும் ஒருக்கா எழுதிப்போடும். நான் திரும்பத் திரும்பக் கேக்கத் தேவையில்லை" என்றார். இருபத்தாறு வருடம் என் வேலைக் கதைகளைக் கேட்ட மனிதர் அவர். அவருக்கும் ஓய்வு வேண்டும்தானே.

டெனிஷ் நகரமான ஒடென்சேயில் பழைய படங்களைப் பாதுகாத்து வைக்கும் ஒரு காப்பகத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். அங்கே நான் முதலில் போனது தரை துடைக்க. ஒருநாள் மேசையைத் துடைப்பதற்காக, அதன்மேல் பரப்பியிருந்த, அந்தக் காலத்துப் படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தேன். நிமிர்ந்தபோது வாசலில் ஓர் உயரமான பெண் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் தகடுகளின் ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்கியதைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது.

"ஆர் உனக்கு உப்பிடிப் பிடிக்கச் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

ஒருவரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் சாமிப்படங்களைத் துடைக்கும்போது முகத்தில் கை படாமல் பிடித்த பழக்கம்தான். அந்தப் பெண்தான் இங்கர், காப்பகத்தின் தலைவி. அடுத்த மாதம் விளக்குமாறு வேறொருவர் கைக்குப் போனது. இரண்டு வருடம் மாலை வகுப்பு, நாக்கில் நிற்காத டெனிஷ் இரசாயனப் பெயர்கள், ஒரு பரீட்சையில் தோல்வி, மறுபரீட்சையில் வெற்றி. படிப்பைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. இங்கரைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

டெனிஷில் எல்லாரும் எல்லாரையும் "நீ" என்றுதான் சொல்வார்கள். நகரபிதாவும் நீ, பல்வைத்தியரும் நீ. ஆனால் இங்கரை என் மனத்துக்குள் நான் ஒருநாளும் நீ என்றதில்லை. மழையோ பனியோ சைக்கிளில் வருவார். நீல மேலங்கி. பதினொன்றரைக்குக் கறுப்புப் பாண் ரொட்டியில் ஈரல் விழுது பூசிச் சாப்பிடுவார், ஒரு நிமிடம் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. யாரையும் பாராட்டமாட்டார். மிகவும் மகிழ்ந்தால் "மோசமில்லை" என்பார். இருபத்தாறு வருடத்தில் எனக்கு நான்கு "மோசமில்லை" கிடைத்தது. நான்கு நாளும் சிவம் வீட்டில் பாயாசம் காய்ச்சினார்.

அவருடைய ஆயுதம் ஒரு கேள்வி. "அது எப்பிடித் தெரியும்?" நாங்கள் ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு விவரத்தாள் எழுதவேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதவேண்டும், நினைப்பதை எழுதக்கூடாது. தொடக்கத்தில் ஒரு தாளில் "கவலையான பெண்" என்று எழுதிவிட்டேன். இங்கர் அதைப் பென்சிலால் வெட்டினார்.

"கவலை எண்டு எப்பிடித் தெரியும்? வாயின்ர ரெண்டு ஓரமும் கீழ வளைஞ்சிருக்கு எண்டு எழுது. பல்லுவலியாயும் இருக்கலாம்."

அவர் டெனிஷில் சொன்னவைதான் இவை. எனக்கு அவை எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கின்றன, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

இப்போது காப்பகத்துக்கு வரும் இளைய பிள்ளைகள் எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டுப் படமெடுக்கிறார்கள். ஆனால் தகட்டைக் கையில் எடுக்கும் முறை மாறவில்லை. கையுறை போட்டு, எதிரெதிரான இரண்டு ஓரங்களை உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து எடுக்கவேண்டும். விளக்கின் கீழே சற்றுச் சாய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மேலே பார்க்க வைத்து, ரப்பர் குமிழால் தூசியை ஊதவேண்டும், வாயால் அல்ல. பளபளக்கும் பக்கத்தை மட்டும் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். உறையின்மேல் விவரத்தை எழுதிய பிறகுதான் தகட்டை உள்ளே வைக்கவேண்டும், வைத்துவிட்டு எழுதினால் பென்சிலின் அழுத்தம் படத்தில் இறங்கும். பிறகு நீளமான ஓரம் கீழே வர நிறுத்தி வைக்கவேண்டும். உடைந்தவற்றை மட்டும் படுக்க வைப்போம், நோயாளிகளைப்போல.

இனிப் பேய்களுக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம், அருகிலுள்ள சின்ன நகரம் ஒன்றில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, மேல்மாடிப் பரணில் பத்துப் பதினைந்து மரப்பெட்டிகள் அகப்பட்டன. நூறு வருடத்துக்கு முன்பு அங்கே படம் பிடிக்கும் கடை வைத்திருந்த ஒருவரின் தகடுகள். கலியாணங்கள், பசுக்கள், தீயணைப்புப் படை. ஒரு பெட்டியில் மட்டும் ஆவிகள்.

விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிரபலமாக இருந்த தொழில் அது. இறந்தவர்களோடு பேசலாம் என்று படித்தவர்களே நம்பிய காலம். ஒருவர் படம் பிடிக்கப் போவார், படத்தைக் கழுவிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் செத்துப்போன மனைவி புகைபோல நிற்பார். சூத்திரம் சின்னது. தகட்டை முதலில் ஒரு தடவை, வெள்ளைத் துணி சுற்றிய ஆளை வைத்து மெலிதாக எடுத்துவிடுவார்கள். அந்தத் தகட்டையே திரும்பக் கமராவுக்குள் போட்டு, வந்தவரை எடுப்பார்கள். எங்கள் நகரத்துக்காரருக்கு அதற்கும் சோம்பல். அவரிடம் ஒரே ஒரு பெண் ஆவிதான் இருந்தது. அதே சால்வை, அதே சரிந்த தோள். விவசாயிக்கு மனைவியாக வந்தவள், பாதிரியாருக்குத் தாயாக வந்தாள், பள்ளிக்கூட ஆசிரியைக்கு அக்காவாக வந்தாள். ஆறு குடும்பத்துக்கு ஒரே மனுசி. செத்த பிறகும் அவளுக்கு ஓய்வில்லை.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் பேய்க்குப் பயந்த ஆள், அதைச் சொல்ல வெட்கமில்லை. சூத்திரம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? அந்தப் பெட்டி இருந்த நிலவறைக்கு இறங்குவதற்கு முன் நெற்றியில் நன்றாக விபூதி பூசிக்கொள்வேன். பயம் கூடிய நாட்களில் மூன்று குறியும் நிறைவாக, கோயில் ஐயரைப்போல.

இரண்டு கிழமை கழித்து இங்கர் ஒரு தகட்டோடு வந்தார். படத்தின்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி. இன்னொரு தகட்டிலும் இருந்தது. இன்னும் மூன்றில் இருந்தது. பூஞ்சை என்று முடிவு செய்தார். நிலவறையைப் பூட்டினார்கள், காற்றுப் போக்கியை நிறுத்தினார்கள், பொடியைச் சின்னக் குழாயில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. பூஞ்சை இல்லை, எரிந்த ஏதோ ஒன்றின் சாம்பல். அடைத்த பெட்டிக்குள் சாம்பல் எப்படி வரும் என்று இங்கர் மூன்று நாள் மண்டையை உடைத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம், அவர் பாணைக் கடிக்கும் நேரம் பார்த்து, நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

"அது என்ன?"

"சாமிச் சாம்பல். பேய் வராமல் இருக்கப் பூசுறனான். குனியேக்க கொட்டுப்பட்டிருக்கும்."

இங்கர் பாணை மெதுவாக மென்று விழுங்கினார். "வேலை செய்யுதோ?"

"என்னது?"

"சாம்பல். பேய் வந்ததோ?"

"இல்லை."

"அப்ப வேலை செய்யுது" என்றார். மறுநாள் நிலவறைக் கதவில் ஒட்டியிருந்த பன்னிரண்டு விதிகளோடு பதின்மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. சாம்பல் பூசுபவர்கள் கதவுக்கு வெளியே பூசி, நெற்றியை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே வரவும். என்னைத் தவிர யாருக்கும் பொருந்தாத விதி. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோசமாக இருக்கும். ஒரு நாட்டில் நமக்கென்று ஒரு விதி எழுதிவிட்டார்கள் என்றால், நாம் அங்கே இருக்கிறோம் என்றுதானே அர்த்தம்.

அதற்குப் பிறகு பல வருடம். மகள் மதுரா வளர்ந்து, படித்து, நில்ஸ் என்ற டெனிஷ் பிள்ளையைக் கலியாணம் செய்தாள். ஆவிப் பெட்டியை எல்லாரும் மறந்திருந்த நேரம், இங்கருக்கு அதை வைத்து ஒரு கண்காட்சி செய்யும் யோசனை வந்தது. தலைப்பு "ஏமாற்றப்பட்டவர்கள்". உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அதில் போடப் பெட்டியிலேயே அழகான படத்தைத் தெரிந்தெடுத்தோம். ஓர் இளம் தாய் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான், அவனுக்கூடாகப் பின்னாலிருக்கும் கறுப்புத் துணி தெரிகிறது. தாயின் மடியில் ஒரு சின்னத் தொப்பி.

விளம்பரம் வந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஒரு வயோதிபப் பெண் நடைக்கு உதவும் உருட்டுவண்டியைப் பிடித்தபடி எங்கள் வாசலுக்கு வந்தார். எண்பத்தாறு வயது. பெயர் கியர்ஸ்டன். கிரின்ஸ்டெட் என்ற ஊரிலிருந்து மகன் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தான், யென்ஸ் என்று அறுபது வயதுப் பெரிய உடம்புக்காரன். கியர்ஸ்டன் பையிலிருந்து ஒரு சட்டகத்தை எடுத்து மேசையில் வைத்தார். விளம்பரத்தில் வந்த அதே படம்.

"இது மாரென். என்ர அப்பாவைப் பெத்தவ. இந்தப் பெடியன் அவவின்ர மூத்தவன், தொண்டைநோயில செத்தவன். அப்பா பிறக்க முந்தியே."

குடும்பத்தில் அவளுக்கு விசரி மாரென், பைத்தியக்கார மாரென், என்றுதான் பெயராம். செத்த பிள்ளையின் ஆவி வந்து தன்னோடு படத்துக்கு நின்றது என்று நம்பியவள், அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டவள். விருந்தாளிகள் வந்தால் கியர்ஸ்டனின் தகப்பன் படத்தை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிடுவாராம். அந்த வீட்டில் யார் சாவியைத் தொலைத்தாலும், யார் பாலைப் பொங்கவிட்டாலும் "மாரென்ர இரத்தம்" என்பார்கள். கியர்ஸ்டன் சிறுவயதிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவர்.

"இதுவரைக்கும் எங்கட வீட்டுக்குள்ள சொன்னவை. இப்ப நீங்கள் சுவரில எழுதப் போறியள். என்ர சிநேகிதிகள் வந்து வாசிப்பினம்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எனக்கு ஒண்டு தெரிய வேணும். அவ உண்மையா நம்பினவவோ?"

"அம்மா, விடுங்கோ. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே" என்றான் யென்ஸ், கார்ச் சாவியைச் சுழற்றியபடி.

இங்கர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். இந்தப் படக்கடைக்காரர் ஆறு குடும்பத்தை ஏமாற்றியதற்கு ஆதாரம் இருக்கிறது, இதுவும் அதே பெட்டியில் இருந்தது, வேறாக நினைக்கக் காரணம் இல்லை. சுவர் வாசகங்கள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன, மாரெனின் பெயரைப் போடாமல் விடலாம். கியர்ஸ்டன் தலையாட்டினார். சட்டகத்தைத் திரும்பப் பைக்குள் வைக்க அவருக்குக் கனநேரம் எடுத்தது. நான் உதவி செய்தேன். அப்படி உதவும்போதுதான் படத்தை முதல்தடவையாகச் சரியாகப் பார்த்தேன்.

மற்ற ஆறு படங்களிலும் வந்தவர் நட்டநடுவில் இருப்பார். படம் பிடிக்கப் போகிறவர் நடுவில்தானே இருப்பார். ஆவி பின்னால், மேலே, இடம் கிடைத்த இடத்தில் மிதக்கும். மாரென் நடுவில் இல்லை. கதிரை இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. அவளுடைய இடக்கை வெறுமனே தொங்கவில்லை, ஒரு பிள்ளையின் தோளைச் சுற்றுகிற அளவில் வளைந்து நின்றது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது, பேய்ப் பயத்தால் அல்ல. "இவ இடம் விட்டிருக்கிறா" என்று தமிழில் உரக்கச் சொல்லிவிட்டேன். ஒருவருக்கும் விளங்கவில்லை.

அவர்கள் போன பிறகு இங்கரிடம் டெனிஷில் சொன்னேன். அவர் கேட்பார் என்று தெரிந்த கேள்வியைத்தான் கேட்டார். "அது எப்பிடித் தெரியும்?"

மறுநாள் மதுராவின் கலியாண அல்பத்தை வேலைக்குக் கொண்டுபோனேன். பதினொன்றரைக்கு, பாணுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். இஷொய் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்த கலியாணம். குடும்பப் படத்தில் முப்பது பேர் நிற்கிறோம். என் அப்பா எனக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"உன்ர அப்பா வந்திருந்தவரோ?" என்றார் இங்கர். "கலியாணத்துக்குக் கனகாலம் முந்தியே செத்துப்போனார் எண்டெல்லோ சொன்னனி?"

ஓம், செத்துத்தான் போனார். அந்த வரிசையில் நிற்கும் என் தம்பியும் வரவில்லை, அவனுக்கு விசா கிடைக்கவில்லை. எங்கள் ஆட்களின் கலியாணப் படங்களில் இது வழக்கம் என்று விளங்கப்படுத்தினேன். செத்தவர்கள், விசா கிடைக்காதவர்கள், கனடாவில் பிள்ளை பெற்றுக்கொண்டிருப்பவர்கள் எல்லாருக்கும் வரிசையில் இடம் விட்டு நிற்போம். படக்காரர் பிறகு பழைய படத்திலிருந்து வெட்டி, அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

அன்றைக்கு நடந்ததையும் சொன்னேன். படக்காரர் ரவி அண்ணை ஏணியில் ஏறி நின்று, "அக்காவுக்குப் பக்கத்தில ஒரு ஆள் இடம் விடுங்கோ" என்று கத்தினார். நாங்கள் விட்டோம். நில்ஸின் தாய் நல்ல மனுசி. இரண்டு பேருக்கு நடுவில் இடைவெளி இருப்பதைப் பார்த்ததும் படம் வடிவாக வரட்டும் என்று நகர்ந்து வந்து அதில் நின்றுவிட்டார். ரவி அண்ணை பதறினார். "ஐயோ, அதில அப்பா நிக்கிறார்! அவவை விலத்தச் சொல்லுங்கோ!" மதுரா அதை அப்படியே டெனிஷில் மொழிபெயர்த்தாள். அம்மாவின் அப்பா அந்த இடத்தில் நிற்கிறார், நீங்கள் அவர்மேல் நிற்கிறீர்கள். சம்பந்தியம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்த பாய்ச்சலில் மூன்று டெனிஷ்காரர் அவரோடு சேர்ந்து பின்னுக்குப் போனார்கள். கொஞ்சம் விளங்கியதும் அவர் திரும்பி வந்து, அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "மன்னிக்கவும்" என்று தலை குனிந்தார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

இன்னொரு பகிடியும் உண்டு. ரவி அண்ணை அப்பாவின் அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை மட்டும் எடுத்து, யாரோ ஒருவருடைய கோட் போட்ட உடம்பில் வைத்துவிட்டார். என் அப்பா வாழ்நாளில் கோட் போட்டதில்லை. படத்தில் என்னைவிட ஒரு சாண் உயரமாகவும் நிற்கிறார், உண்மையில் என் தோளுக்குத்தான் வருவார். என்றாலும் நான் மாற்றச் சொல்லவில்லை. பேத்தியின் கலியாணத்துக்கு மனுசன் கொஞ்சம் எடுப்பாக வரட்டுமே.

"நீ இதை உண்மை எண்டு நம்புறியோ?" என்று கேட்டார் இங்கர்.

"என்னத்துக்கு நம்ப வேணும்? நான்தானே செய்யச் சொன்னனான்."

இங்கர் பாணைக் கீழே வைத்தார். அவர் பாணைப் பாதியில் வைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாரெனின் படத்தை எடுத்து அல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தன் வழக்கத்துக்கே திரும்பினார்.

"உன்ர படத்தில அது தெரியும். மாரென்ர படத்தில அது நினைப்பு. நினைப்பைச் சுவரில எழுத ஏலாது. வெள்ளிக்கிழமை காலமை வரைக்கும் நேரம் இருக்கு."

அவர் சொன்னது சரிதான், அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் நன்றாக வேலை செய்வேன். படக்கடைக்காரர் ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் ஊசியால் இலக்கம் கீறியிருப்பார். மாரெனின் தகடு 412. ஆவிப் பெட்டியில் 411 இல்லை, 413 இல்லை. புதன் மிச்சப் பொழுது முழுக்கக் கலியாணப் பெட்டிகளைத் தேடினேன். வியாழன் காலை பசுக்களையும் தீயணைப்புப் படையையும் தேடினேன். மத்தியானத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தது ஒரே பெட்டி. பழுதானவை என்று நாங்கள் ஒதுக்கியது. ஆடியவை, வெளிச்சம் பட்டவை, முகம் இல்லாதவை.

அதில் ஏழாவது உறை. உறையில் என் கையெழுத்து, வேலையில் சேர்ந்த காலத்துக் குண்டெழுத்து. "பெண், கதிரையில். நடுவில் இல்லை. அசைந்திருக்கிறார். கோட் மாட்டும் தாங்கி. பழுது." இலக்கம் 411.

தகட்டை ஒளிமேசையில் வைத்தேன். அதே கதிரை, அதே ஒதுக்கம், அதே கறுப்புத் துணி. பையன் நின்ற இடத்தில் பையன் இல்லை, கோட் மாட்டும் மரத்தாங்கி ஒன்று நின்றது. அதன் நடுக் கொக்கியில், ஆறு வயதுப் பிள்ளையின் தலை வரும் உயரத்தில், அந்தச் சின்னத் தொப்பி மாட்டியிருந்தது. மாரெனின் கை அந்தத் தாங்கியைச் சுற்றி வளைந்திருந்தது. பையனைப் படத்தில் சேர்க்குமுன், உயரம் சரியா, கை சரியா என்று பார்க்க எடுத்த ஒத்திகைப் படம் அது. அவள் அசைந்துதான் இருந்தாள். தலை பின்னால் போய், வாய் திறந்து, பல் தெரிந்தது. நான் பழுது என்று எழுதியது ஒரு சிரிப்பை.

நான் அழுதேன். என் பிழைக்காகவும் அழுதேன், சந்தோசத்திலும் அழுதேன், எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, அவனுடைய தொப்பியைத் தாங்கியில் மாட்டி, அதை அணைத்துக்கொண்டிருக்கும் தன் கோலத்தைத் தானே நினைத்துச் சிரித்திருக்கிறாள். இவளையா விசரி என்றார்கள்? எங்கள் மண்டபத்தில் நின்ற முப்பது பேரைப்போலவே அவளுக்கும் எல்லாம் தெரியும்.

இங்கரைக் கூப்பிட்டேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து மூலையில் இலக்கத்தைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், கறுப்புத் துணியின் மடிப்புகளை மற்றத் தகட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கடைசியாக முகத்துக்கு வந்தார். அங்கேயே நின்றார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. இருபது வருடத்தில் முதல்தடவையாக அந்த அறையில் இங்கர் வாய்விட்டுச் சிரித்தார். மாரென் சிரித்தால் பார்ப்பவர்களுக்கும் சிரிப்பு வரும், அப்படி ஒரு சிரிப்பு அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பழைய உறையை எடுத்தார். "பழுது" என்பதை வெட்டினார். பென்சிலை என்னிடம் நீட்டி, "என்ன தெரியுது எண்டு எழுது" என்றார்.

"சிரிக்கிறார் எண்டு எழுதலாமோ? பல்லுவலியாய் இருக்காதோ?"

"இல்லை" என்றார் இங்கர். "இது தெரியுது." பிறகு, கதவருகில் திரும்பி, "மோசமில்லை" என்றார். நான்கில் அதுதான் மூன்றாவது.

அன்று பின்னேரமே அச்சகத்துக்குத் தானே தொலைபேசி எடுத்துச் சுவர் வாசகத்தை மாற்றினார். கண்காட்சியின் தலைப்பிலும் கைவைத்தார். "ஏமாற்றப்பட்டவர்கள்" என்பதோடு "ஏமாறாத ஒருத்தியும்" என்று சேர்ந்தது. கியர்ஸ்டனுக்கு நான் தொலைபேசியில் ஒன்றும் விளக்கமாகச் சொல்லவில்லை. கட்டாயம் வாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

திறப்பு நாளன்று நல்ல வெயில். கியர்ஸ்டன் நீலச் சட்டையும் முத்துமாலையும் போட்டு, மூன்று சிநேகிதிகளோடு வந்தார். எங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள். சிவம் ஒரு தட்டு நிறைய வடை சுட்டுக்கொண்டு வந்திருந்தார், சம்பந்தியம்மா அதை எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு நின்றார். ஆறு குடும்பத்தின் ஒரே ஆவியைப் பார்த்து மக்கள் விழுந்துவிழுந்து சிரித்தார்கள். கடைசிச் சுவரில், தனியாக, இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கியர்ஸ்டன் முதலில் சிரிக்கும் படத்தைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"அவ சிரிச்சிருக்கிறா" என்றார். "எவ்வளவோ கதை சொன்னவை. அவ சிரிப்பா எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

"உங்கட சிரிப்புத்தான் அது" என்றேன். பொய் இல்லை, பற்களின் வரிசை அப்படியே இருந்தது.

அவருடைய மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது, எழுத்துத் தெரியவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற மகனைக் கூப்பிட்டார். "யென்ஸ், இங்க வா. சுவரில என்ன கிடக்கு எண்டு வாசி."

யென்ஸ் முன்னுக்கு வந்தான். வாயிலிருந்த வடையை விழுங்கினான். கைகளைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நின்று, மெல்லிய குரலில் வாசித்தான்.

"மாரென், தன் மகன் அன்டர்ஸோடு. மகன் இறந்த பிறகு, மாரென் கேட்டபடி செய்யப்பட்ட படம். அவனுக்கு எங்கே நிற்க இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒத்திகையின்போது சிரித்துவிட்டார்."

"கேக்கேல்லை. உரத்து வாசி" என்றார் கியர்ஸ்டன்.

அவன் உரத்து வாசித்தான். சிநேகிதிகள் மூவரும் கிட்ட வந்தார்கள், இங்கரும் வந்து நின்றார். யென்ஸின் காதுகள் சிவந்துவிட்டன.

"இன்னொருக்கா" என்றார் கியர்ஸ்டன்.

மூன்றாம் தடவை அவன் சுவரைப் பார்க்கவில்லை. தாயின் பக்கம் திரும்பி நின்று, ஒரு சொல் விடாமல் சொன்னான். அவனுக்கு அது மனப்பாடமாகியிருந்தது.